யாரோ வீட்டுப் பெண்ணைப் பற்றிய விவாதம்

1

இங்கே மதியம் ஒன்றரை மணி ஆகும்போது ஸ்ரீரங்கத்தில் விடிகிறது. கிறைஸ்ட்சர்ச் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நியூசிலாந்தில் மற்ற எல்லாம் பழகிவிட்டது, இந்தக் கணக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. நான் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி, சோபாவில் காலை நீட்டிக் கண் சொருகுகிற நேரத்தில் ஊரில் பால் பாக்கெட் வந்து விழுகிறது. நான் பார்த்து முடித்த காலையை அவர்கள் இனிமேல்தான் பார்க்கப் போகிறார்கள். பாதித் தூக்கத்தில் எனக்கு ஒரு மயக்கம் வரும். நான் முன்னாலேயே போய் வழியெல்லாம் பார்த்துவிட்டேன், பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று. என்னத்தைச் சொல்ல? இன்றைக்கு நல்ல வெயில், துணி காய்ந்துவிடும், வேறொன்றும் விசேஷமில்லை.

சனிக்கிழமையானால் அந்த மயக்கத்தைக் கலைக்க ரங்கநாயகியின் கேள்வி வந்துவிடும். அவள் திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவள். கல்யாணமாகியும் ஸ்ரீரங்கத்தை விட்டு நகராதவள். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, காபி குடித்த கையோடு, நாங்கள் நாற்பது பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் ஒரு கேள்வியைப் போடுவாள். குழுவின் பெயர் ‘சும்மா பேசுவோம்’. சாமிக்குப் பசிக்குமா? மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் நிற்க முடியுமா? முந்திரி போடாவிட்டால் அது பொங்கலா? எதுவாக இருந்தாலும் ஒரே வேகத்தில்தான் அடித்துக்கொள்வோம். பேசுகிறவர்கள் ஐந்தாறு பேர். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், கைதட்டுகிற படம் போடுவார்கள்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. சொந்த வீட்டு விஷயத்தை உள்ளே கொண்டு வரக் கூடாது. ஒருமுறை மாமியார் கேள்வியில் ஒருத்தி தன் மாமியாரைப் பற்றியே எழுதிவிட்டாள். அந்த மாமியாரின் தம்பியும் குழுவில் இருந்து தொலைத்தார். சமாதானத் தூது போய்ப் போய் ரங்கநாயகிக்குக் கால் தேய்ந்தது. அதற்கப்புறம் கறாராகச் சொல்லிவிட்டாள்: “இதோ பாருங்கோ, எல்லாரும் யாரோ ஆத்துப் பொண்ணு, யாரோ ஆத்துப் பையன்னு பேசுங்கோ. அவாவா ஆத்தை உள்ள இழுத்தா, குரூப்ப விட்டே எடுத்துடுவேன், ஆமா!”

2

அந்தக் குழுவின் சூரப்புலி என் சொந்த அண்ணன். பெயர் ராசேந்திரன். மன்னார்புரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை, கே.கே. நகரில் வீடு. டைப் அடிக்கப் பொறுமை கிடையாது, எல்லாம் வாய்ஸ் நோட்டுதான். பின்னால் பஸ் ஹாரன், டீ கிளாஸ் சத்தம், யாரோ மோட்டாரைத் தூக்கி வைக்கிற ‘ணங்’. அந்தச் சத்தங்களுக்காகவே நான் அவர் பேச்சை இரண்டு தடவை கேட்பேன். அது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் தலைகால் புரியாது.

சமயபுரம் மாரியம்மன் மாசிக் கடைசியில் பட்டினி விரதம் ஆரம்பிக்கும். பக்தர்கள் அம்மனுக்காக இருக்கிற விரதம் இல்லை, அம்மனே நமக்காக இருக்கிற விரதம். சமைத்த தளிகை கிடையாது, துள்ளு மாவும் இளநீரும் பானகமும்தான் நைவேத்தியம். போன வருஷம் ரங்கநாயகி அதைப் பற்றிக் கேட்டாள். நான் வழக்கம்போல வாயை விட்டேன்.

“ஏண்ணே, ஊரைக் காப்பாத்தறதுக்குப் பட்டினி கிடக்கறதை விட்டா சாமிக்கு வேற வழி தெரியாதா?”

நான் கோயிலுக்குப் போகாதவள் இல்லை. போனால் கும்பிடுவேன். ஆனால் பெயரிலேயே ஏசுவையும் தேவாலயத்தையும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் தேவாலயம் பக்கம் போகாத ஊரில் இத்தனை வருஷம் இருந்தால், கேள்வி கேட்கிற நாக்கு ஒன்று தானாக முளைத்துவிடுகிறது.

அண்ணன் பதில் சொல்ல அன்றைக்கு நேரமாயிற்று. “நம்ம அம்மா மருங்காபுரியில மழையில்லாத வருஷமெல்லாம் தான் பட்டினி கிடந்து நமக்குப் போட்டுச்சே, அதுக்கு வேற வழி தெரிஞ்சிருந்தா செய்யாமயா இருந்திருக்கும்? கேக்குது பாரு கேள்வி! போம்மா, போயி வேலையப் பாரு.”

நாற்பது பேரும் கைதட்டினார்கள். ரங்கநாயகி மட்டும், “ராசேந்திரன் சார், சொந்த ஆத்து விஷயம் வந்துடுத்தே” என்று ஒரு கொட்டு வைத்தாள். நான் தோற்றுப்போனேன். தோற்றது இனிப்பாகத்தான் இருந்தது.

எனக்கு இங்கே நகராட்சி அலுவலகத்தில் நாய்ப் பதிவுக் கவுண்டரில் வேலை. சிரிக்காதீர்கள். இந்த ஊரில் நாய்க்குப் பெயர், வயது, நிறம், உடையவர் முகவரி எல்லாம் எழுதி ஒவ்வொரு வருஷமும் பதிய வேண்டும். பதற்றமாக இருக்கிற நாளில் இன்னமும் எனக்கு இங்கிலீஷில் “கம், கம், சிட், சிட்” என்று இரட்டையாகத்தான் வருகிறது. ஒரு தாத்தாவிடம் அப்படிச் சொன்னபோது, நாற்காலியில் அவர் உட்காருவதற்கு முன்னால் அவருடைய நாய் தரையில் உட்கார்ந்துவிட்டது.

3

என் மகள் யாழினி மூன்று வயதில் என் இடுப்பில் ஏறி இந்த ஊருக்கு வந்தவள். இப்போது இருபத்தாறு. தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். சோறும் ரசமும் கேட்பாள், கோயிலுக்குக் கூப்பிட்டால் “அம்மா, ப்ளீஸ்” என்பாள். ஒரு வருஷமாக டேன் என்கிற பையனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. டேன் கயிறு கட்டிப் பெரிய மரங்களில் ஏறிக் கிளை வெட்டுகிறவன். நல்ல பையன், வந்தால் கேட்காமலே குப்பையை எடுத்துப்போய் வெளியே வைப்பான்.

முதலில் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் இந்த ஊர்ப் படிவங்கள்தான் என்னைப் பழக்கின. எங்கே போனாலும், கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்கிற கட்டங்களுக்கு நடுவில், கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவரா என்று மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும். யாழினி அதில் டிக் அடிப்பாள், அடுத்த வரிக்குப் போவாள். அரசாங்கத்துக்குத் தெரியும், பேங்குக்குத் தெரியும், கரண்ட் ஆபீஸுக்குத் தெரியும். அவள் தாய்மாமனுக்கு மட்டும் தெரியாது.

தாய்மாமன் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சமயபுரத்தில் அண்ணன் மடியில் உட்கார வைத்துத்தான் யாழினிக்குக் காது குத்தினோம். ஆசாரி கிட்டே வந்ததும் குழந்தை அண்ணன் கையைக் கடித்துவிட்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “கடிச்சிக்க தாயி, கடிச்சிக்க” என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவளுக்கு மாலை போட வேண்டியவர், முதல் புடவை எடுக்க வேண்டியவர், மணவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டியவர். மணவறையே இல்லை என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

என் வீட்டுக்காரர் ரொம்பத் தெளிவாக இருந்தார். “உங்க அண்ணன். நீயாச்சு, அவராச்சு.” கிரிக்கெட் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்.

4

பொங்கல் முடிந்த சனிக்கிழமை. ரங்கநாயகியின் கேள்வி வந்தது: ‘கல்யாணம் பண்ணிக்காமல் ஒரு பெண்ணும் பையனும் சேர்ந்து வாழலாமா? யாரோ ஆத்துப் பெண் என்று வைத்துக்கொண்டு பேசவும்.’

சோபாவில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அது தெய்வம் கொடுத்த வழியாகத் தோன்றியது. நேரில் சொல்ல முடியாததைப் பொதுவில் வைத்து, அண்ணன் மனசு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாமே! ஆழம் பார்க்கக் காலை விடுகிற மாதிரிதான். நான் முதல் ஆளாக எழுதினேன். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போனால் போதாதா, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு அடித்துக்கொள்கிறவர்கள் ஊரில் இல்லையா என்று.

அண்ணனின் குரல் வந்தது. அன்றைக்கு மோட்டார் சத்தம் இல்லை, கடை திறக்காத நேரம். மனிதர் நிதானமாக, ரசித்துப் பேசினார்.

“ஒத்துப்போறதுன்னா ரயில்ல கூட ஒத்துப்போவுது. பக்கத்து சீட்டுக்காரன் நல்லவனா இருக்கான், முறுக்குக் குடுக்கறான். அதுக்காக அவன் கூடவே இறங்கிப் போயிட முடியுமா? அப்பன் ஆத்தா, மாமன் மச்சான் யாரும் வேணாம்னு போற பொண்ணு, போகட்டும். என் வீட்டுல அப்படி ஒண்ணு நடந்தா, கூடப் பொறந்தவ மகளா இருந்தாலும் சரி, தலை முழுகிட்டு என் சோலியப் பாக்கப் போயிடுவேன்.”

கைதட்டல் வந்து குவிந்தது.

ஆனாலும் விடவில்லை. அந்தப் பெண் யாரையும் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே, நீங்களாக ஏன் கற்பனை பண்ணிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். அவளுக்கும் ஒரு மாமன் வேண்டாமா என்று கேட்டேன். அது கேள்வி இல்லை, கெஞ்சல். யாருக்குத் தெரியப் போகிறது?

“ஏம்மா செல்வி, நீ ஏன் இந்தச் சூடு ஆவுற?” என்று சிரித்தார் அண்ணன். “யாரோ வீட்டுப் பொண்ணுதானே!”

5

அன்று மாலை ஆற்றங்கரையில் வெகுதூரம் நடந்தேன். கோடையில் இங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஏவன் ஆறு எங்கள் காவேரியில் ஒரு வாய்க்கால் அளவுதான். தெளிந்த தண்ணீர், அடியில் பாசி நெளிவது தெரியும். வில்லோ மரத்துப் பஞ்சு காற்றில் மிதந்து போகும். அந்த வெளிச்சத்தில் நடந்தால் எனக்கு எந்தக் கரையில் நடக்கிறேன் என்பது குழம்பிவிடும். அடுத்த வளைவில் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படிகள் வரும், ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு யாராவது “எப்ப வந்த செல்வி?” என்று கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நடப்பேன். வளைவில் வாத்துகள்தான் நின்றன.

வீட்டுக்கு வந்து நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். கனவில் நான் கவுண்டரில் இருக்கிறேன். நாய்களோடு வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மொட்டையடித்த மூன்று வயது யாழினியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் முறை வருகிறது. “பாப்பாவை யார் பேர்லம்மா பதியறது?” என்று கேட்கிறார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. இங்கிலீஷில், “இதற்கு இந்தக் கவுண்டர் இல்லை, தயவுசெய்து காத்திருங்கள்” என்கிறேன். அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டுப் போய், ஓரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார்.

விழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. சோறு வடிக்க வேண்டும் என்று எழுந்துகொண்டேன்.

6

மறுநாள் ஞாயிறு. யாழினி மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்குத்தான் வந்தாள், தனியாக. நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு போனைத் தொட்டுத் தொலைத்தேன். அண்ணன் காலை நடையில் பேசிக் குழுவில் போட்டிருந்த புது வாய்ஸ் நோட்டு சத்தமாக ஓட ஆரம்பித்தது. நேற்றைய வாதத்தின் தொடர்ச்சி. மூச்சு வாங்க, அதே ரயில், அதே முறுக்கு, கடைசியில் அதே தலைமுழுகல்.

யாழினி சிரித்துக்கொண்டே கேட்டாள். மாமா குரல் என்றால் அவளுக்கு உயிர். கேட்கக் கேட்கச் சிரிப்பு நின்றது.

“மாமா யாரைப் பத்திப் பேசறாங்க?”

“யாரோ வீட்டுப் பொண்ணும்மா. சும்மா விவாதம்.”

“தலை முழுகறதுன்னா?”

அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அப்பளம் கருகிற்று. அவள் என் தோளைத் தொட்டு முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த என் போனை எடுத்து, மைக் படத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள்.

“மாமா, நான் யாழினி. அம்மா போன்ல பேசறேன். நீங்க சொல்ற பொண்ணு நான்தான். டேன் கூட ஒரு வருஷமா இருக்கேன். அவன் நல்லவன். யாரும் வேணாம்னு நான் சொல்லல மாமா. தலை முழுகறதுன்னா என்னன்னு அம்மாகிட்ட கேட்டேன், அம்மா சொல்லல, அழறாங்க. அதனால அது ரொம்ப மோசமானதுன்னு நினைக்கிறேன். சரி மாமா, வச்சிடறேன். டீ குடிச்சீங்களா?”

“ஐயோ, அழிச்சிடுடி! அழிச்சிடு!” என்று நான் பாய்ந்தேன். அவள் போனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். எட்டு வயதில் சாக்லேட்டை ஒளித்துக்கொண்டு நின்ற அதே மாதிரி.

“ஏம்மா அழிக்கணும்? உண்மைதானே சொன்னேன்?”

அவள் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தபோது பதினோரு பேர் கேட்டுவிட்டிருந்தார்கள். அண்ணனும் கேட்டுவிட்டார். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு இங்கே கேட்டது. வெகுநேரம் கழித்து ரங்கநாயகி, பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தாமரைப் பூப் படத்தைப் போட்டு ‘இனிய ஞாயிறு’ என்றாள்.

7

அண்ணன் பேசவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. குழுவில் குரல் இல்லை. அண்ணியைக் கூப்பிட்டால், “கடையில இருக்காங்க, நான் சொல்றேன் செல்வி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். ‘நான் சொல்றேன்’ என்றால் சொல்ல மாட்டார்கள் என்று அர்த்தம்.

எனக்கு யாழினி மேல் கோபம் வந்தது, ரங்கநாயகி மேல் வந்தது, இந்த ஊர் மேல் வந்தது. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று திருச்சியில் ஒரு கதவு திறக்கிறது என்றால் அது கே.கே. நகரில் அண்ணன் வீட்டுக் கதவுதான். சித்திரையில் எல்லோரும் போவதாக இருந்தோம், அது மூடிவிட்டால் அப்புறம் நான் ஊருக்குப் போவது எங்கே? ஹோட்டலில் ரூம் போட்டு மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு வருவதா? கவுண்டரில் ஒரு நாயின் பெயரையும் அதன் எஜமானி பெயரையும் மாற்றி எழுதிவிட்டேன். அந்த அம்மாள் நல்லவேளை சிரித்துவிட்டாள்.

தைப்பூசம் வந்தது. அன்றைக்குச் சமயபுரத்து அம்மன் கொள்ளிடக் கரைக்கு வருவாள். ஸ்ரீரங்கத்துப் பெருமாள் தன் தங்கைக்கு அங்கே சீர் அனுப்புவார். ரங்கநாயகி எனக்குத் தனியாக வீடியோ அனுப்பி, கூடவே கோபமாகப் பேசியிருந்தாள்: “பெருமாளே தங்கைக்குப் பட்டும் பழமும் அனுப்பறார். உங்கண்ணா ஒரு வார்த்தை பேசப்படாதோ? நன்னா கேக்கறேன் பாரு.” வேண்டாம் தாயே, சும்மா இரு என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து யாழினி கூப்பிட்டாள். “அம்மா, மாமா பேசினாங்க.”

“எப்படி? என்ன சொன்னாங்க? திட்டினாங்களா?”

“நிறையக் கேட்டாங்க. டேன் குடிப்பானா, யாரு சமைக்கறது, அவங்க அம்மா என்கிட்ட நல்லாப் பேசறாங்களா, மரத்துல ஏறும்போது இடுப்புல கயிறு கட்டுவானான்னு கேட்டாங்க. அப்புறம், ‘நான் சொன்னது யாரோ ஒருத்தியைத் தாயி, உன்னை இல்ல’ன்னாங்க. அப்புறம் அவங்களும் அழுதாங்கன்னு நினைக்கிறேன். ஏம்மா உங்க வீட்டுல எல்லாரும் அழறீங்க?”

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் என்னிடம் பேசியது அதற்கும் அடுத்த நாள். கடையிலிருந்து. பின்னால் மோட்டார் சுற்றிப் பார்க்கிற சத்தம்.

“புள்ளைகிட்ட பேசிட்டேன். புள்ள மேல கோவம் இல்ல. உன் மேலதான்.”

“அண்ணே...”

“ஒரு வருஷம்! ஒரு வருஷமா மறைச்சிட்டு, உன் மகளை யாரோ வீட்டுப் பொண்ணாக்கி எங்கூட வாதாடியிருக்க. நான் யாரோவா செல்வி?”

“தலை முழுகிடுவேன்னு சொன்னது யாரு?” எனக்கும் பிய்த்துக்கொண்டு வந்தது. “அதைக் கேட்டுக்கிட்டு எப்படிண்ணே சொல்லச் சொல்றீங்க?”

“அது குரூப்புல பேசினது!”

“குரூப்புல பேசினா உங்க வாயி இல்லாம போயிடுமா?”

மோட்டார் சத்தம் நின்றது. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“எனக்குப் பிடிக்கலம்மா. இப்பவும் சொல்றேன், பிடிக்கல. கல்யாணத்தைப் பண்ணு பண்ணுன்னு அவளை அரிச்சிக்கிட்டேதான் இருப்பேன், நீ குறுக்க வராத.”

“வரலண்ணே.”

“சித்திரையில வரீங்கள்ல? அந்தப் பையனையும் கூட்டிட்டு வாங்க. குளிரு ஊர்க்காரன், நம்ம வெயில் தாங்க மாட்டான். மாடி ரூமுக்கு ஏசி வாங்கிட்டேன், நாளைக்கு மாட்டறாங்க.”

அதோடு சரி அண்ணே என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் அண்ணன் வீட்டு மாடியில் இருப்பது இரண்டு ரூம். வாய் சும்மா இருந்தால்தானே?

“அண்ணே, அவங்களுக்கு ஒரு ரூமா, ரெண்டு ரூமா?”

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துக்கூடப் பார்த்தேன்.

“ஏசி ஒண்ணுதாம்மா வாங்கியிருக்கேன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டார்.